ஜாக்கெட் துண்டு

பட்டறைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் நீங்கள் எல்லோரும் என்றைக்காவது ஒரு நாள் என்னிடம் இதைக் கேட்டுவிடுகிறீர்கள். டிரெய்லர் கொக்கிக்கு இரண்டு பக்கமும் முக்கோணமாக ஒரு பிளேட் வைத்து வெல்டிங் அடிக்கிறோமே, அதற்கு ஏன் 'ஜாக்கெட் துண்டு' என்று பேர்? வெளியூர்ப் பட்டறையில் அந்தப் பேரைச் சொன்னால் சிரிக்கிறார்கள் என்று போன வாரம்கூட ஒருவன் வந்து முறையிட்டான். சிரிக்கட்டும். எனக்கு இப்போது வெல்டிங் ராடு பிடிக்கக் கண் போதவில்லை. உட்கார்ந்து பேசத்தான் நேரம் இருக்கிறது. அதனால் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். பேச்சு முன்னே பின்னே போகும்.

நான் முதலில் டெய்லர். வடக்கனந்தலில் ரோட்டோரம் ஒரு சின்னக் கடையில் தையல் மிஷின் போட்டு உட்கார்ந்திருந்தேன். என் மனைவி அஞ்சலை எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து காஜா எடுப்பாள், பட்டன் கட்டுவாள். கரும்பு வெட்டு வந்தால் கத்தியை எடுத்துக்கொண்டு வெட்டுக்குப் போய்விடுவாள். மற்ற நாளெல்லாம் என் எதிரேதான். நான் மிஷினை மிதித்துக்கொண்டே ஊர்க் கதை பேசுவேன். அவள் வாயில் நூலைக் கடித்துக்கொண்டு "உம்" என்பாள். அவ்வளவுதான் எங்கள் குடும்பம். பிள்ளை இல்லை.

ஒரு ஐப்பசி மழையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நடந்து பஸ் ஏறியவளைத் தூக்கிக்கொண்டு வந்தோம்.

அதற்குப் பிறகு மிஷினில் உட்கார முடியவில்லை. மிதித்தால் சத்தம் வரும், நிறுத்தினால் அந்த இடத்தில் அவளுடைய "உம்" வர வேண்டும். வராது. திரும்ப மிதிப்பேன். இப்படியே ஒரே துணியைத் தைத்துத் தைத்துப் பிரித்திருக்கிறேன். முப்பத்து மூன்று வயதுக்காரன் பைத்தியம் ஆகிவிடுவான் என்று எங்கள் அம்மா பயந்தாள். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. அந்தச் சத்தத்தை அமுக்குகிற மாதிரி வேறு ஒரு சத்தம் வேண்டும் என்று தோன்றியது. ரோட்டுக்கு எதிர்ப் பக்கம் வெல்டிங் பட்டறை இருந்தது. எழுந்து ரோட்டைத் தாண்டினேன். அவ்வளவுதான் நான் தொழில் மாறிய கதை.

பட்டறை மேஸ்திரி என்னைவிடப் பத்து வயதுக்கு மேல் சின்னவர். மீசை அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தது. ஆனால் கையில் வேலை இருந்தது. பேரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் அவருக்குப் பிடிக்காது.

"இன்னாண்ணே, நெசமாத்தான் சொல்றியா?" என்றார். "ஒனக்கு சூடுன்னா இஸ்திரிப் பொட்டிதான தெரியும். இங்க ஒடம்பு பூரா இஸ்திரி."

"பரவால்ல மேஸ்திரி. கத்துக்கறன்."

"பெரியவங்கள அதட்டறதுக்கு எனக்கு வாய் வராதுண்ணே."

"வரும். பழகிக்குங்க."

மறுநாளே பழகிக்கொண்டார்.

முதல் பாடம் வெல்டிங் நெருப்பைப் பார்க்கிற கருப்புக் கண்ணாடி. கண்ணாடி இல்லாமல் பார்க்காதே என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. ஆனால் தையல்காரனுக்கு ஊசி முனையைப் பார்க்காமல் கை நகராது. ராடு எங்கே தொடுகிறது என்று கண்ணாடியை விலக்கி விலக்கிப் பார்த்தேன். விடிந்து எழுந்தால் கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்ட மாதிரி இருந்தது. தண்ணீராகக் கொட்டுகிறது. அம்மா வந்து பார்த்தாள். அஞ்சலை செத்த அன்றைக்குக்கூட நான் அழவில்லை, அது அவள் மனதில் உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது.

"அழுடா, இப்பவாச்சும் அழு. உள்ளயே வச்சிக்கினு இருக்காத" என்று தலையைத் தடவினாள்.

"அழலம்மா. இது வெல்டிங் கண்ணு."

"இன்னா கண்ணோ. அழு."

உருளைக்கிழங்கை வட்டமாக அரிந்து இரண்டு கண்ணிலும் வைத்துக் கட்டிவிட்டாள். அந்தக் கட்டுக்கு உள்ளே எந்தத் தண்ணீர் எப்போது மாறியதோ தெரியாது, மத்தியானம் வரைக்கும் நிஜமாகவே அழுதேன். உங்களுக்கு அந்த வழி வேண்டாம். கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள். அழுவதற்கு வேறு நேரம் கிடைக்கும்.

இரண்டாவது தொல்லை என் கால். ராடைப் பிடித்து நெருப்பு வந்ததும் கால் தானாக மிதிக்க ஆரம்பித்துவிடும். கால் ஆடினால் இடுப்பு ஆடும், இடுப்பு ஆடினால் கை ஆடும், வெல்டிங் பாம்பு போன தடம் மாதிரி நெளிந்து கிடக்கும்.

"அண்ணே, கால நிறுத்து! இரும்பு இன்னா பாவாடையா, மெதிச்சி தெக்கறதுக்கு?"

நிற்காது. கடைசியில் மேஸ்திரி ஒரு செங்கல்லைக் கொண்டுவந்து என் பாதத்தின் மேல் வைத்தார். கல் விழாமல் ஒரு ராடு முழுக்க அடித்த அன்றைக்கு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

கால் நின்றதும் கை அழகாகப் போனது. தையல் ஓடுகிற மாதிரி வரிவரியாக, ஒரே அகலத்தில். மேலே படிந்த கரி ஓட்டைத் தட்டி எடுத்தால் உள்ளே வெள்ளிச் சங்கிலி மாதிரி இருக்கும். ஜன்னல் வாங்க வந்தவர்கள் எல்லாம், "டெய்லரு அடிச்ச வேலையா, அதான் பாரு" என்பார்கள். எனக்குத் தலை கொஞ்சம் கனத்துவிட்டது. ஒரு நாள் மேஸ்திரி நான் ஒட்டிய இரண்டு பிளேட்டை எடுத்து வைஸ் இடுக்கியில் மாட்டிச் சுத்தியலால் ஒரே ஒரு தட்டு தட்டினார். அப்பளம் மாதிரி பிரிந்து விழுந்தது.

"பாத்தியாண்ணே. மேலாப்புல நூலு ஓட்டிக்கினு போயிருக்கிற. துணி ரெண்டும் சேரவே இல்ல."

குனிந்து பார்த்தேன். மேலே சங்கிலி. உள்ளே கன்னங்கரேலென்று இரும்பு இரும்பாகவே இருந்தது. துணியில் அழகான தையல் என்றால் பெரும்பாலும் அது நல்ல தையல். கோணல் கண்ணுக்குத் தெரிந்துவிடும். இரும்பில் கோணல் உள்ளே இருக்கும், அழகு மேலே இருக்கும். ஒரு டெய்லர் மட்டும்தான் இந்தத் தப்பைச் செய்ய முடியும் என்று நினைத்திருந்தேன். இப்போது பார்த்தால் உங்களில் பாதிப் பேர் செய்கிறீர்கள்.

"நீ அடிச்சது சுத்திக்கு நிக்கற வரிக்கும் வூட்டு கேட்டு, ஜன்னலு பண்ணு. வண்டி சாமானத் தொடாத" என்று மேஸ்திரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

வண்டி சாமான் என்றால் எங்கள் பக்கம் முக்கியமாக டிரெய்லர் கொக்கி. டிராக்டர் பின்னால் மாட்டுகிற அந்த வளையம்தான். சமவெளியில் அறுந்தால் லோடு நிற்கும். கல்வராயன் மலை ஏறும்போது அறுந்தால் டிரெய்லர் பின்னாலேயே உருண்டு பள்ளத்துக்குப் போகும். அதனால் மேஸ்திரிக்கு ஒரு வழக்கம் இருந்தது. கொக்கி வைத்தவன் முதல் லோடில் ஏறி உட்கார வேண்டும். அவரும் உட்காருவார். "நான் ஒக்கார பயப்படற வண்டியில அடுத்தவன எப்படிண்ணே ஒக்கார வெக்கிறது?" என்பார்.

இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்தது அந்த வருஷம்தான். படிப்புக்கும் வேலைக்கும் பங்கு கேட்டு எங்கள் பக்கத்துப் பையன்கள் ரோட்டில் இறங்கினார்கள். புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. மேஸ்திரி தியாகதுருகத்தில் ஒரு வீட்டுக்கு இரும்பு கேட் மாட்டப் போனவர் அங்கேயே மாட்டிக்கொண்டார். பட்டறைக்கு நான் ஒருவன்.

அன்றைக்குக் காலையில் ஒரு டிராக்டர் வந்தது. டிராக்டர் மட்டும்தான் வந்தது. டிரெய்லர் கொஞ்ச தூரத்தில் ரோட்டோரப் பள்ளத்தில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. டிரைவரோடு ஒரு அம்மா, முழங்கால் வரைக்கும் சேறு. மலைமேல் உள்ள பிள்ளைகள் விடுதியில் சமையல் செய்கிறவர். லாரி வராததால் அவரே டிராக்டரைப் பிடித்து இறங்கி வந்து அரிசி ஏற்றியிருக்கிறார். சாய்ந்த மரத்தைச் சுற்றிப் பள்ளத்தில் இறக்கி ஏற்றும்போது கொக்கி பிய்ந்துவிட்டது.

"மேஸ்திரி இல்லீங்களா?" என்றார் டிரைவர்.

"தியாகதுருகத்துல."

"அப்ப நீ அடி."

"நான் கொக்கி அடிக்கக் கூடாது. கேட்டு, ஜன்னலுதான்."

அந்த அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "அண்ணா, பசங்க நேத்தும் முந்தாநேத்தும் குச்சிக்கெழங்குதான் தின்னுச்சிங்க. சின்னது சிலதுக்கு வயித்தால போவுது. கெழங்கும் தீந்துபோச்சி. நீ ஜன்னலு பண்ணிக்கினு இரு, நான் மூட்டய தலையில தூக்கிக்கினு ஏறட்டுமா?"

"அதுக்கில்லம்மா. நான் அடிச்சது அறுந்தா மலையில இன்னா ஆவும் தெரியுமா?"

"நீ அடிக்கலன்னா இன்னா ஆவும்னு எனக்குத் தெரியும்."

இருவரும் சொல்வது சரி. மேஸ்திரி சொன்னதும் சரி, அந்த அம்மா சொல்வதும் சரி. நடுவில் நிற்கிறேன். வெல்டிங் மிஷினுக்கு வேண்டிய த்ரீபேஸ் கரண்ட் மத்தியானத்தோடு போய்விடும். இந்த மாதிரி நேரத்தில் நெஞ்சைத் தட்டிக்கொண்டு இறங்குகிறவன் வெல்டர் இல்லை. பயந்து ஒதுங்குகிறவனும் இல்லை. எனக்கு மேஸ்திரியின் சொல் முழுசாக நினைவு வந்தது. தொடாதே என்று மட்டுமா சொன்னார்? 'சுத்திக்கு நிக்கற வரிக்கும்' என்றார். அப்படியானால் சுத்தியையே கேட்போம்.

கொக்கிப் பிளேட் அளவு கனத்தில் இரண்டு துண்டு எடுத்து ஒட்டினேன். வைஸில் மாட்டினேன். டிரைவரிடம் சம்மட்டியைக் கொடுத்தேன். "ஒன் மாமியார நெனச்சிக்கினு அடி" என்றேன்.

"எங்க மாமியா நல்லவங்க" என்று சொல்லிவிட்டு அடித்தார். பிரிந்துபோனது.

டிரைவர் என் முகத்தைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்தார். நான் உடைந்த இடத்தைப் பார்த்தேன். ஓரத்தில் சேர்ந்திருந்தது, நடுவில் கருப்பு. கிரைண்டரால் இரண்டு ஓரத்தையும் சீவி, நெருப்பு உள்ளே இறங்க வாய் திறந்து வைத்தேன். மிஷினில் கரண்ட்டை ஏற்றினேன். அடியில் ஒரு வரி, கரியைத் தட்டிவிட்டு மேலே ஒரு வரி, அதற்கும் மேலே ஒன்று. அழகைப் பார்க்கவில்லை. அசிங்கமாக, தழும்பு மாதிரி இருந்தது.

டிரைவர் அடித்தார். நின்றது. திரும்ப அடித்தார். பிளேட் வளைந்தது, ஒட்டு பிரியவில்லை. மூன்றாம் அடிக்குச் சம்மட்டி காம்பிலிருந்து கழன்று ஓடியது.

"யோவ், போதும்யா" என்றார் டிரைவர், கையை உதறிக்கொண்டே. "எங்க மாமியாவே வந்தாலும் பிரியாது."

கரும்பு வண்டி மாடு இரண்டை ஓட்டி வந்து, கயிறு கட்டி டிரெய்லரைப் பட்டறைக்கு இழுத்து வந்தோம். மூட்டைகளை இறக்கினோம். பிய்ந்த கொக்கியைச் சீவி, உட்கார வைத்து, அதே மாதிரி வரி வரியாக நிரப்பினேன். செங்கல் இல்லாமலே கால் ஆடாமல் நின்றது. முடித்துவிட்டுக் கண்ணாடியை விலக்கிப் பார்த்தபோது ஒன்று உறுத்தியது. வெல்டிங் நல்லதுதான். ஆனால் இழுப்பு முழுக்க அந்த ஒரு மூலையில்தான் விழுகிறது. மலை வளைவில் டிராக்டர் ஒரு பக்கம் இழுக்கும், லோடு ஒரு பக்கம் இழுக்கும். அந்த மூலை எனக்கு எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது.

அக்குள்.

கல்யாணமான புதிதில் கரும்பு வெட்டுகிற பெண்கள் நான் தைத்த ஜாக்கெட்டைக் கொண்டுவந்து முகத்தில் எறிவார்கள். கையைத் தூக்கி வெட்டினால் அக்குளில் கிழிந்துவிடும். நான் அதே இடத்தில் மேலே மேலே தையல் போட்டுக் கொடுப்பேன். தையல் நிற்கும், பக்கத்துத் துணி கிழியும். அஞ்சலைதான் ஒரு நாள் நூலைக் கடித்துத் துப்பிவிட்டுச் சொன்னாள்: "எத்தினி தையலு போட்டாலும் அந்த மூலயிலதான இழுக்குது? மூக்கோணமா ஒரு துண்டு வச்சி தையி. இழுப்பு நாலா பக்கமும் போவட்டும். நான் வெட்டுக்குப் போறவ, எனக்குத் தெரியாதா?" வைத்தேன். அதற்குப் பிறகு எந்த ஜாக்கெட்டும் திரும்பி வரவில்லை.

பிளேட்டை எடுத்துச் சாக்பீஸால் முக்கோணம் போட்டேன். இரண்டு வெட்டினேன். கொக்கியின் இரண்டு மூலையிலும் வைத்து அடித்தேன். கடைசி ராடு தீரவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது.

"ஏத்து மூட்டய" என்றார் அந்த அம்மா.

"பாதிதான் ஏத்தணும். மீதிய அடுத்த நடைக்கு வந்து எடுத்துக்குங்க."

"பாதி அரிசிய ரோட்டுல வச்சிட்டு நான் வரமாட்டன்."

"அம்மா, முழு லோடு பள்ளத்துல கெடக்கறதுக்கு அர லோடு ஒலையில வேவட்டும்."

என்னை முறைத்தார். பிறகு, "நல்லா பேசற" என்று சொல்லிவிட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மூட்டையைத் தூக்கினார். டிராக்டரையும் டிரெய்லரையும் சேர்த்து ஒரு சங்கிலியும் சுற்றிக் கட்டினேன். அந்த அம்மாவை டிராக்டர் மட்கார்டில் உட்காரச் சொன்னேன். டிரெய்லரில் மூட்டைகளின் மேல் நான் ஏறினேன். கையில் சக்கரத்துக்குப் போட ஒரு மரக்கட்டை.

"நீ எதுக்கு வர்ற?" என்றார் டிரைவர்.

"எங்க பட்டறை வழக்கம்."

மலை அடிவாரத்துக்கு முன்னால் இன்னொரு மரம் சாய்ந்து கிடந்தது. பையன்கள் அதன்மேல் உட்கார்ந்திருந்தார்கள். வண்டியைப் பார்த்ததும் எழுந்து நின்றார்கள். ஒருவன் என்னை அடையாளம் கண்டுகொண்டான்.

"இன்னா டெய்லரு, அரிசி மூட்ட மேல கொலு வீத்துகினு போற?"

"மலப் பசங்களுக்கு சோத்துக்குப்பா. கொக்கி நான் வச்சது. அதான் கூடப் போறன்."

"நீ வச்ச கொக்கியா?" என்று எல்லோரும் சிரித்தார்கள். அவன் மட்டும் குனிந்து கொக்கியைப் பார்த்தான். பிறகு தன் காலைத் தட்டிக் காட்டினான். "டேய், இந்தப் பேன்ட்டு நான் பத்தாவது படிக்க சொல்லோ அண்ணன் தெச்சது. இன்னும் கிழியல. அந்தக் கொக்கி எங்க கிழியப் போவுது? வுடுங்கடா, பசங்க சோறு." கொம்புகளை இழுத்துப் போட்டு, பத்துப் பன்னிரண்டு கைகள் டிரெய்லரைத் தள்ளி மரத்தைத் தாண்ட வைத்தார்கள்.

மலை ஏறினோம். ஒவ்வொரு வளைவிலும் டிராக்டர் முன்னால் உறுமும், மூட்டைகள் பின்னால் சரியும், என் கண் கொக்கியிலேயே இருந்தது. ஒரு செங்குத்து வளைவில் 'டங்' என்று ஒரு சத்தம். "நிறுத்து!" என்று கத்திக்கொண்டே குதித்துச் சக்கரத்துக்குக் கட்டையைப் போட்டேன். குனிந்து கொக்கியின் மூலை மூலையாகத் தடவினேன். ஒரு மயிரிழை விரிசல்கூட இல்லை. சங்கிலி இறுகிய சத்தம்தான் அது. அந்த ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பாக வந்தது. அஞ்சலை போனபிறகு நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"இன்னாய்யா, கொக்கி போச்சா?" என்று பதறினார் அந்த அம்மா.

"போவலம்மா. போவாது. ஏறு, போலாம்."

விடுதிக்கு முன்னால் வண்டி நின்றபோது பிள்ளைகள் ஓடி வந்தன. அரிசி மூட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தன. அன்றைக்கு முதல் பந்தியில் என்னை உட்கார வைத்து, அந்த அம்மா கரண்டி கரண்டியாகச் சோற்றைப் போட்டார். வெறும் ரசம்தான். அந்தச் சோற்றின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. மறுநாள் சாயங்காலத்துக்குள் மீதி அரிசியும் அதே கொக்கியில் ஏறிவிட்டது.

ரோடு திறந்து மேஸ்திரி வந்ததும் ஊரே அவரிடம் சொல்லிவிட்டது. அந்த டிராக்டரை டிரெய்லரோடு வரவழைத்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"யாரக் கேட்டு வச்ச?"

"சுத்திய கேட்டு வச்சன் மேஸ்திரி."

"மொத லோடுல?"

"ஒக்காந்தன்."

சம்மட்டியை எடுத்துக் கொக்கியின் மேல் ஓங்கி அடித்தார். மணி மாதிரி கேட்டது. இன்னொரு பக்கம் அடித்தார். பிறகு உட்கார்ந்து அந்த முக்கோணத்தை விரலால் தடவினார்.

"இது இன்னா? நான் சொல்லிக்குடுக்கலயே."

"ஜாக்கெட்டுக்கு வெக்கிறது. அக்குள் கிழியாம."

"யாரு சொன்னது?"

"அஞ்சலை."

அவர் ரோட்டுக்கு எதிர்ப் பக்கம், மூடிக் கிடந்த என் பழைய கடையைத் திரும்பிப் பார்த்தார். சம்மட்டியை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனார்.

பிள்ளைகளே, கொக்கி வைத்தால் முதல் லோடில் ஏறி உட்காருங்கள். வேறு ஊர்க்காரன் பேரைக் கேட்டுச் சிரித்தால் அவனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பேர் எப்படி வந்தது என்றால், அன்றைக்கு மத்தியானமே இன்னொரு டிரெய்லர் வேலைக்கு வந்தது. மேஸ்திரி அதன் அடியில் படுத்துக்கொண்டு, பட்டறை முழுக்கக் கேட்கிற மாதிரி குரல் கொடுத்தார்:

"அண்ணே, அந்த ஜாக்கெட் துண்டு ரெண்டு வெட்டிக் குடு!"

என் வாயில் சாக்பீஸ் இருந்தது. கடித்துக்கொண்டே, "உம்" என்றேன்.